டிரம்ப் நீதிக்கு இடையூறு செய்தாரா? முல்லர் விசாரணை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முல்லர் அறிக்கை வெளிவந்தது 2019 ஏப்ரலில். இன்றும் டிரம்ப் பேச்சை எடுத்தால் ஒருவர், "அவர் நிரபராதி என்று அப்போதே வந்துவிட்டதே" என்பார். இன்னொருவர், "குற்றவாளி என்றுதானே எழுதினார்கள்" என்பார். அறிக்கையில் இரண்டுமே இல்லை. என்னதான் இருக்கிறது, அதை வைத்து இரு தரப்பும் எப்படி வாதாடுகின்றன, எனக்கு எது சரியாகப் படுகிறது என்பதைக் கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன்.

இது எந்த விசாரணை?

2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் ரஷ்யா தலையிட்டதா, டிரம்பின் பிரசாரக் குழுவுக்கு அதில் பங்கு உண்டா என்று எஃப்.பி.ஐ. விசாரித்துக்கொண்டிருந்தது. 2017 மே 9 அன்று எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமியை டிரம்ப் வேலையை விட்டு நீக்கினார். எட்டு நாள் கழித்து, மே 17 அன்று, நீதித்துறையின் துணைத் தலைவர் ராட் ரோசன்ஸ்டீன் முன்னாள் எஃப்.பி.ஐ. இயக்குநர் ராபர்ட் முல்லரைச் சிறப்பு வழக்கறிஞராக நியமித்தார். நியமனத்தை ரோசன்ஸ்டீன் செய்ததற்குக் காரணம், அவருக்கு மேலே இருந்த அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ், தானும் டிரம்பின் பிரசாரத்தில் இருந்தவர் என்பதால் மார்ச் மாதமே இந்த விசாரணையிலிருந்து ஒதுங்கிவிட்டார். செஷன்ஸ் ஒதுங்கியதை டிரம்ப் கடைசிவரை மன்னிக்கவில்லை. பிறகு நடந்த பல விஷயங்களுக்கு வேர் அந்தக் கோபம்தான்.

விசாரணை 22 மாதம் நடந்தது. அறிக்கை 448 பக்கம், இரண்டு தொகுதி. முதல் தொகுதி ரஷ்யா பற்றியது. இரண்டாவது, அந்த விசாரணையைத் தடுக்க அதிபர் முயன்றாரா என்பது பற்றியது. இந்தப் பக்கம் முழுக்க இரண்டாவது தொகுதியின் கதை.

"நீதிக்கு இடையூறு" என்று நிரூபிக்க என்னென்ன வேண்டும்?

மூன்று. முதலில், விசாரணையைத் தடுக்கக்கூடிய ஒரு செயல், அல்லது அதற்கான முயற்சி. இரண்டாவது, அந்தச் செயலுக்கும் நடந்துகொண்டிருக்கும் அல்லது வரப்போகும் ஒரு சட்ட நடவடிக்கைக்கும் தொடர்பு. மூன்றாவது, கெட்ட நோக்கம். வாய்ச்சண்டை எல்லாம் இந்த மூன்றாவதில்தான். ஒருவர் என்ன செய்தார் என்பதற்குச் சாட்சி கிடைக்கும். ஏன் செய்தார் என்பதைச் சுற்றியுள்ள சூழ்நிலையை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

கோமியை நீக்கியதுதானே முக்கிய ஆதாரம்?

பெரும்பாலானோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். என் பார்வையில் இருப்பதிலேயே பலவீனமான ஆதாரங்களில் அதுவும் ஒன்று.

டிரம்புக்கு எதிராகச் சொல்ல நிறைய இருக்கிறது. 2017 ஜனவரி 27 அன்று இரவு உணவுக்கு அழைத்து "எனக்கு விசுவாசம் வேண்டும்" என்று கேட்டதாகக் கோமி சாட்சியம் சொன்னார். பிப்ரவரி 14 அன்று மற்றவர்களை அறையை விட்டு அனுப்பிவிட்டு, முந்தைய நாள் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பதவியிலிருந்து விலகிய மைக்கேல் ஃபிளின்னைப் பற்றி, "நல்ல மனிதர், இதை விட்டுவிடுவீர்கள் என்று நம்புகிறேன்" என்றார். கோமியை நீக்கிய இரண்டே நாளில், தொலைக்காட்சிப் பேட்டியில், அந்த முடிவை எடுத்தபோது "இந்த ரஷ்யா விவகாரம்" மனதில் இருந்தது என்று தானே சொன்னார்.

ஆனால் எஃப்.பி.ஐ. இயக்குநரை நீக்கும் அதிகாரம் அதிபருக்கு உண்டு. நீக்கத்துக்கு உடனடிக் காரணமாக அறிக்கை சுட்டுவதும் வேறு: "அதிபர் மீது தனிப்பட்ட விசாரணை இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லக் கோமி மறுத்தது. அது கோபமா, பயமா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். போதாக்குறைக்கு, அந்த நீக்கத்தால் விசாரணை நிற்கவில்லை, முல்லர்தான் வந்து சேர்ந்தார். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

அப்படியானால் வலுவான ஆதாரம் எது?

மெக்கான் விவகாரம். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டான் மெக்கான் வெள்ளை மாளிகையின் சட்ட ஆலோசகர். 2017 ஜூன் 14 அன்று, டிரம்ப் நீதிக்கு இடையூறு செய்தாரா என்று முல்லர் விசாரிப்பதாகச் செய்தி வந்தது. ஜூன் 17, சனிக்கிழமை. மெக்கான் வீட்டில் இருக்கிறார். அதிபரின் ஓய்வு இல்லமான கேம்ப் டேவிட்டிலிருந்து டிரம்ப் போன் செய்கிறார். ரோசன்ஸ்டீனைக் கூப்பிட்டு, முல்லர் ஒருதலைப்பட்சமாக இருக்கக் காரணங்கள் உள்ளன, அவர் சிறப்பு வழக்கறிஞராக இருக்கக் கூடாது என்று சொல்லும்படி கட்டளை. ஒரு முறை அல்ல, இரண்டு முறை. இரண்டாவது அழைப்பில், "முல்லர் போயாக வேண்டும். செய்து முடித்ததும் எனக்குத் திரும்பக் கூப்பிடு" என்றாராம்.

டிரம்ப் அடுக்கிய காரணங்களில் ஒன்று கோல்ஃப் கிளப் பணம். வர்ஜீனியாவில் டிரம்புக்குச் சொந்தமான கிளப்பில் முல்லர் உறுப்பினராக இருந்தார். 2011இல் விலகியபோது கட்டிய தொகையில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்டு ஒரு கடிதம் எழுதினார். அவ்வளவுதான். இதற்காகவா ஒருவர் ஆறு வருடம் பகை வைத்திருப்பார்? டிரம்பின் ஆலோசகராக இருந்த ஸ்டீவ் பானனே இந்தக் காரணங்கள் கேலிக்கூத்தானவை என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்.

மெக்கான் போனை வைப்பதற்காகப் பிடிகொடுக்காமல் ஏதோ சொல்லிவிட்டு, ரோசன்ஸ்டீனைக் கூப்பிடவில்லை. தன் வழக்கறிஞரிடம் பேசினார். அலுவலகத்துக்குக் காரை ஓட்டிப் போய்ச் சாமான்களைக் கட்டினார், ராஜினாமா செய்துவிடலாம் என்று. அவர் மனதில் ஓடியது 1973 அக்டோபர் 20. அன்று வாட்டர்கேட் ஊழலை விசாரித்துவந்த சிறப்பு வழக்கறிஞரை நீக்கச் சொன்ன அதிபர் நிக்சனின் உத்தரவை ஏற்காமல் அட்டர்னி ஜெனரலும் அவருடைய துணைவரும் அடுத்தடுத்துப் பதவியை விட்டுப் போனார்கள். கடைசியில் மூன்றாமவர்தான் உத்தரவை நிறைவேற்றினார். அந்த மூன்றாமவராக மெக்கானுக்கு விருப்பமில்லை. சக அதிகாரிகள் சமாதானம் செய்ய, திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினார். டிரம்பும் "என்ன ஆச்சு?" என்று கேட்கவில்லை.

கதை இத்துடன் நின்றிருந்தால் விவாதத்துக்கு இடம் இருந்திருக்கும். 2018 ஜனவரி 25 அன்று நியூயார்க் டைம்ஸ் இந்த உத்தரவைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. அதன் பிறகு, அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று மெக்கான் எழுதிக் கொடுக்க வேண்டும், "நம் கோப்புக்காக", என்றார் டிரம்ப். எழுதித் தராவிட்டால் வேலை போகும் என்ற பேச்சும் ஓர் உதவியாளர் வழியாக வந்தது. மெக்கான் மசியவில்லை. பிப்ரவரியில் ஓவல் அலுவலகத்தில் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். "நீக்கு என்ற வார்த்தையை நான் சொன்னேனா?" என்று டிரம்ப் கேட்க, "நீங்கள் சொன்னது இதுதான்: ராடைக் கூப்பிடு, முல்லர் சிறப்பு வழக்கறிஞராக இருக்க முடியாது என்று சொல்" என்றார் மெக்கான். "ஏன் நோட்டில் எழுதி வைக்கிறாய்? வக்கீல்கள் குறிப்பெடுக்க மாட்டார்கள்" என்றார் டிரம்ப். தான் உண்மையான வக்கீல், அதனால்தான் எழுதி வைப்பதாக மெக்கான் பதில் சொன்னார். "ராய் கோன் போன்ற பெரிய வக்கீல்களை நான் வைத்திருந்தேன், அவர் குறிப்பெடுத்ததில்லை" என்பது டிரம்பின் பதில்.

இதில் மூன்று கூறுகளும் இருக்கின்றன. செயல்: பொய்யான ஆவணம் ஒன்றை உருவாக்கச் சொன்னது. தொடர்பு: மெக்கான் அதற்கு முன்பே முல்லர் குழுவிடம் வாக்குமூலம் கொடுத்திருந்த சாட்சி. நோக்கம்: பத்திரிகைக்கு மறுப்பு விடுவது மட்டும்தான் எண்ணம் என்றால் வெள்ளை மாளிகையின் பேச்சாளர் போதும். கோப்பில் வைக்கக் கடிதம் எதற்கு?

டிரம்ப் தரப்பு இதற்கு என்ன பதில் சொல்கிறது?

முல்லரை "நீக்கு" என்று சொல்லவில்லை, அவர் நடுநிலையானவரா என்ற கேள்வியை எழுப்பத்தான் சொன்னார் என்பது பதில். சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் டிரம்பின் சொந்த வழக்கறிஞர்கள் அதே புகாரை ஏற்கனவே முல்லர் அலுவலகத்திடம் நேரடியாக எழுப்பியிருந்தார்கள். முறையான வழி திறந்தே இருந்தபோது, சனிக்கிழமையன்று மெக்கான் வீட்டுக்கு இரண்டு முறை போன் செய்ய வேண்டிய அவசரம் என்ன? இந்த வேலைக்கு வெள்ளை மாளிகை ஆலோசகர் போகக் கூடாது, போனால் அதுவே இடையூறு குற்றச்சாட்டுக்கு இன்னொரு சான்றாகிவிடும் என்று மெக்கான் முன்பே எச்சரித்தும் இருந்தார்.

லெவண்டோவ்ஸ்கி என்று ஒரு பெயர் வருகிறதே, அவர் யார்?

டிரம்பின் முன்னாள் பிரசார மேலாளர் கோரி லெவண்டோவ்ஸ்கி. அரசாங்கத்தில் எந்தப் பதவியும் இல்லாதவர். மெக்கானுக்குப் போன் போன இரண்டே நாளில், ஜூன் 19 அன்று, டிரம்ப் இவரைத் தனியாக உட்கார வைத்து ஒரு செய்தியை வாய்மொழியாகச் சொல்லி எழுத வைத்தார். அட்டர்னி ஜெனரல் செஷன்ஸ் மேடையேறி இந்த விசாரணை அநியாயம் என்று பேச வேண்டும், முல்லரின் வேலையை இனி வரும் தேர்தல்களோடு மட்டும் நிறுத்த வேண்டும் என்பது சாரம். இனி வரும் தேர்தல்கள்! நடந்து முடிந்த தேர்தலை விசாரிக்க நியமிக்கப்பட்டவருக்கு.

லெவண்டோவ்ஸ்கி அந்தக் குறிப்பை வீட்டுப் பெட்டகத்தில் பூட்டி வைத்தார். ஒரு மாதம் கழித்து டிரம்ப் மறுபடி கேட்டதும், வெள்ளை மாளிகை அதிகாரி ரிக் டியர்பார்னிடம் தள்ளிவிட்டார். அவரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. செஷன்ஸுக்குக் கீழே ஆயிரக்கணக்கான வழக்கறிஞர்கள் இருக்கும்போது, பதவியே இல்லாத ஒருவர் வழியாக இந்தச் செய்தி ஏன் போக வேண்டும்? மெக்கானுக்கு அடுத்தபடி வலுவான சம்பவம் இதுதான்.

உத்தரவு எதுவுமே நிறைவேறவில்லையே, பிறகு குற்றம் எங்கே?

சட்டத்தில் முயற்சியே போதும். பூட்டை உடைக்க முடியாமல் திரும்பிப் போன திருடனையும் பிடித்து உள்ளே வைப்பார்கள் அல்லவா?

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்று அதிகாரிகளைத் திட்டுவது நம் வழக்கம். இங்கே பூசாரிகள் கொடுக்காமல் விட்டதுதான் சாமியையே காப்பாற்றியது. அதிபரின் முயற்சிகள் பெரும்பாலும் பலிக்காததற்குப் பெரிய காரணம், அவரைச் சுற்றியிருந்தவர்கள் உத்தரவுகளை நிறைவேற்ற மறுத்ததே என்று அறிக்கையும் வெளிப்படையாகச் சொல்கிறது.

ரஷ்யாவோடு சதி செய்தார் என்று நிரூபணமாகவில்லை. மறைக்க ஒன்றும் இல்லாதவர் ஏன் தடுக்கப் போகிறார்?

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்கிறீர்கள். நியாயமான வாதம். செஷன்ஸுக்குப் பிறகு அட்டர்னி ஜெனரலாக வந்த வில்லியம் பார் இதையே சொன்னார். டிரம்பின் ஆட்கள் ரஷ்ய அரசோடு சதியில் ஈடுபட்டதை விசாரணை நிறுவவில்லை என்று முல்லரும் எழுதியிருக்கிறார்.

ஆனால் மடியில் கனம் ஒரே மாதிரிதான் இருக்க வேண்டுமா? தேர்தல் நேரத்தில் மாஸ்கோவில் டிரம்ப் கோபுரம் கட்டப் பேச்சுவார்த்தை நடந்தது. அதைப் பற்றி நாடாளுமன்றத்தில் பொய் சொன்னதை அவருடைய வழக்கறிஞர் மைக்கேல் கோஹென் 2018 நவம்பரில் ஒப்புக்கொண்டார். ரஷ்யா உதவியால் ஜெயித்தார் என்ற பேச்சு வந்தால் வெற்றியின் மதிப்பே போய்விடுமே என்ற கவலையும் இருந்தது. குற்றம் இல்லாமலும் மறைக்க ஆசை வரும். பங்குச்சந்தை விவகாரத்தில் சிக்கிய தொலைக்காட்சிப் பிரபலம் மார்தா ஸ்டூவர்ட் 2004இல் சிறைக்குப் போனது விசாரணைக்கு இடையூறு செய்ததற்கும் பொய் சொன்னதற்கும்தான். உள்தகவலை வைத்துப் பங்கு விற்றதாக அவர் மீது குற்ற வழக்கே போடப்படவில்லை. ஆக, அடிப்படைக் குற்றம் இல்லாதது கெட்ட நோக்கம் இருந்ததா என்ற கேள்வியில் டிரம்புக்குச் சாதகமான ஓர் எடை. தீர்ப்பு அல்ல.

தனக்கு உள்ள அதிகாரத்தைப் பயன்படுத்துவது எப்படிக் குற்றமாகும்?

டிரம்ப் தரப்பின் கனமான வாதம் இது. வில்லியம் பார் பதவிக்கு வருவதற்கு முன்பே, 2018 ஜூனில், 19 பக்கக் குறிப்பு ஒன்றை நீதித்துறைக்கு எழுதி அனுப்பினார். அதிகாரிகளை நீக்குவதும் வழக்குகளை வழிநடத்துவதும் அரசியல் சாசனம் அதிபருக்குக் கொடுத்த வேலை. ஒவ்வொன்றிலும் நோக்கம் என்ன என்று துருவ ஆரம்பித்தால் அதிபர் ஆட்சி செய்ய முடியாது என்பது அதன் சாரம்.

இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் இழுத்துக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும்? காசு வாங்கிக்கொண்டு பொதுமன்னிப்பு கொடுத்தால்கூட, "மன்னிப்பு என் அதிகாரம்" என்று சொல்லலாம். நிக்சன் செய்ததும் அதிகாரத்தைப் பயன்படுத்தியதுதான். எஃப்.பி.ஐ. விசாரணையை நிறுத்த சி.ஐ.ஏ.வை ஏவினார். சாட்சியைப் பொய் எழுதச் சொல்வது எந்த அரசியல் சாசன அதிகாரத்தில் வருகிறது என்பதற்கு இந்த வாதத்தில் பதில் இல்லை.

முல்லர் ஏன் ஆம், இல்லை என்று நேராகச் சொல்லவில்லை?

பதவியில் இருக்கும் அதிபர் மீது குற்ற வழக்குப் பதியக் கூடாது என்பது அமெரிக்க நீதித்துறை 1973இலும் பிறகு 2000இலும் எழுதி வைத்த கொள்கை. (இந்தியாவில் குடியரசுத் தலைவருக்கு இந்தப் பாதுகாப்பு அரசியல் சாசனத்தின் 361ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அமெரிக்க சாசனத்தில் அப்படி ஒரு வரி கிடையாது.) முல்லர் அந்தத் துறையின் கீழ் வேலை பார்த்தவர், மீற முடியாது. வழக்குப் போட முடியாத ஒருவரைக் குற்றவாளி என்று எழுதிவிட்டால், அவர் நீதிமன்றத்தில் தன்னை நிரூபிக்க வழியில்லாமல் போகும், அது அநியாயம் என்றும் நினைத்தார்.

அதனால் வந்ததுதான் அந்த வினோதமான வாக்கியம்: அதிபர் குற்றம் செய்தார் என்று இந்த அறிக்கை முடிவு கட்டவில்லை, அதேசமயம் அவரை விடுவிக்கவும் இல்லை. அவர் இடையூறு செய்யவில்லை என்பது தெளிவாகத் தெரிந்திருந்தால் அதைச் சொல்லியிருப்போம் என்றும் எழுதினார். சட்டம் படித்தவர்களுக்கு இது நேர்மை. மற்றவர்களுக்கு மழுப்பல். எனக்கு இரண்டும் கலந்ததாகவே தெரிகிறது. 448 பக்கத்தை மக்கள் உட்கார்ந்து படிப்பார்கள் என்று நம்பியது அவருடைய பெரிய தப்பு.

"முழுமையாக விடுவிக்கப்பட்டேன்" என்று டிரம்ப் சொன்னது எதை வைத்து?

அறிக்கையை வைத்து அல்ல, பாரின் கடிதத்தை வைத்து. 2019 மார்ச் 22 அன்று அறிக்கை கைக்கு வந்தது. 24ஆம் தேதியே பார் நான்கு பக்கக் கடிதம் வெளியிட்டு, இடையூறு குற்றத்தை நிறுவ ஆதாரம் போதாது என்று தானும் ரோசன்ஸ்டீனும் முடிவு செய்ததாக அறிவித்தார். அந்தக் கடிதத்திலேயே "விடுவிக்கவும் இல்லை" என்ற வரி இருந்தது. யார் கவனித்தார்கள்? மூன்றாம் நாள் முல்லர், தன் வேலையின் சாரத்தைக் கடிதம் முழுமையாகக் காட்டவில்லை என்று பாருக்கு எழுதினார். அது வெளியே தெரிய ஏப்ரல் கடைசியாகிவிட்டது. அதற்குள் ஊர் முழுக்க ஒரு முடிவுக்கு வந்துவிட்டிருந்தது.

டிரம்பை நேரில் விசாரித்தார்களா?

இல்லை. ரஷ்யா பற்றிய கேள்விகளுக்கு மட்டும் 2018 நவம்பரில் எழுத்தில் பதில் கொடுத்தார். அதில் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் "நினைவில்லை". இடையூறு பற்றிய கேள்விகளுக்குப் பதிலே தரவில்லை. சம்மன் அனுப்பினால் நீதிமன்றத்தில் இழுபடும் என்று முல்லர் விட்டுவிட்டார். நோக்கம்தான் எல்லாமே என்ற குற்றத்தில், நோக்கம் உடையவரிடமே ஒரு கேள்வி கேட்காமல் முடித்தது இந்த விசாரணையின் பெரிய ஓட்டை.

நாடாளுமன்றம் ஏன் பதவி நீக்க நடவடிக்கை எடுக்கவில்லை?

எடுத்தது, வேறு விஷயத்துக்கு. நிக்சனுக்கு எதிராக 1974இல் பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழு நிறைவேற்றிய முதல் குற்றச்சாட்டே நீதிக்கு இடையூறுதான். கிளின்டன் மீதும் 1998இல் அதே குற்றச்சாட்டு வந்து, செனட்டில் 50க்கு 50 என்று நின்று தோற்றது. டிரம்ப் விஷயத்தில், முல்லர் 2019 ஜூலை 24 அன்று சபையில் சாட்சியம் சொன்னார். தயங்கித் தயங்கிப் பேசினார், எடுபடவில்லை. மறுநாளே டிரம்ப் உக்ரைன் அதிபருக்குப் போன் செய்தார், அந்த அழைப்பு பெரிய புயலானது. டிசம்பரில் வந்த தீர்மானங்கள் உக்ரைன் பற்றியவை மட்டுமே.

பதவியை விட்டு இறங்கிய பிறகு வழக்குப் போட்டிருக்கலாமே?

போட்டிருக்கலாம். அதே ஜூலை சாட்சியத்தில் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒருவர், அதிபர் பதவி விலகிய பின் வழக்குத் தொடர முடியுமா என்று கேட்க, முடியும் என்றார் முல்லர். டிரம்ப் 2021 ஜனவரியில் இறங்கினார். பைடன் அரசின் நீதித்துறை தொடவில்லை. இத்தகைய குற்றங்களுக்குக் காலவரம்பு ஐந்து ஆண்டு. மெக்கானிடம் கடிதம் கேட்டது 2018 பிப்ரவரி என்பதால் 2023 பிப்ரவரியோடு அதுவும் முடிந்துபோனது.

2024 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில், அதிபரின் அலுவல்சார் செயல்களுக்குப் பரந்த பாதுகாப்பு கொடுத்தது. நீதித்துறை அதிகாரிகளோடு அவர் பேசுவது முழுப் பாதுகாப்புக்குள் வருகிறது. அலுவல்சார் செயலில் நோக்கத்தைத் துருவவும் கூடாது. அந்த வழக்கு 2020 தேர்தல் பற்றியது என்றாலும், கோமி நீக்கம், முல்லரை நீக்கச் சொன்னது எல்லாம் இதில் அடிபட்டுப் போகும் என்பது என் கணிப்பு. மூன்று நாள் முன்பு வந்த இன்னொரு தீர்ப்பு, முல்லர் பெரிதும் நம்பியிருந்த, நீதிக்கு இடையூறு செய்வது பற்றிய அமெரிக்கக் குற்றவியல் சட்டத்தின் 1512ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவை, விசாரணைக்கான ஆவணங்கள், சான்றுப் பொருள்கள் போன்றவற்றைக் கெடுப்பதோடு சுருக்கிவிட்டது. பொய்க் கடிதம் கேட்ட சம்பவம் மட்டும் இந்தச் சுருக்கத்திலும் தப்பும் போலிருக்கிறது. தப்பி என்ன, காலம் கடந்துவிட்டது.

அப்படியானால் உங்கள் பதில் என்ன?

கோமி விஷயத்தில் சந்தேகத்தின் பலனை டிரம்புக்குக் கொடுப்பேன். லெவண்டோவ்ஸ்கி விஷயத்தில் தயங்குவேன். மெக்கான் விஷயத்தில், அதிபர் அல்லாத வேறு யார் செய்திருந்தாலும் வழக்கு வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட முன்னாள் மத்திய அரசு வழக்கறிஞர்கள் 2019இல் கையெழுத்திட்டுச் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். வழக்கு வந்தால் தண்டனை நிச்சயமா என்றால், அது ஜூரியின் வேலை. அந்த ஜூரி கூடவே இல்லை.

448 பக்கமும் படிக்க நேரமில்லை. எங்கே தொடங்குவது?

இரண்டாம் தொகுதியை எடுங்கள். 77ஆம் பக்கத்திலிருந்து 98 வரை மெக்கானுக்கு வந்த போனும் லெவண்டோவ்ஸ்கியும். பிறகு 113ஆம் பக்கத்துக்குத் தாவுங்கள். 120 வரை அந்தக் கடித விவகாரம். ஒரு மாலையில் முடித்துவிடலாம். ஒவ்வொரு சம்பவத்தின் கடைசியிலும் "பகுப்பாய்வு" என்று ஒரு பகுதி வரும், டிரம்புக்குச் சாதகமானதும் அங்கேதான் இருக்கும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.